அலுமினிய மீன்பிடிப் படகு: வாங்குவது முதல் கொந்தளிக்கும் ஏரியில் ஓட்டுவது வரை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிம்கோ ஏரிக்கோ ஈரி ஏரிக்கோ மீன்பிடிக்கப் போகிறவர்கள் சொந்தப் படகு வாங்க நினைத்தால், முதலில் கண்ணில் படுவது 14 முதல் 18 அடி நீளமுள்ள அலுமினியப் படகு. விலை கட்டுப்படியாகும். பெரிய வண்டி இல்லாமலே இழுத்துச் செல்லலாம். கல்லில் இடித்தாலும் நசுங்குமே தவிர எளிதில் உடையாது. இந்த நன்மைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அதன் குறைந்த எடை. காற்றடிக்கும் நாளில் அது தரும் தொல்லைக்கும் காரணம் அதே குறைந்த எடைதான். படகைத் தேர்வது, சுமை அடுக்குவது, அலையை எதிர்கொள்வது என்று இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுவே.

ஒரு கணக்குப் பாருங்கள். 14 அடித் திறந்த படகின் வெற்றுடல் ஏறக்குறைய 120 கிலோ இருக்கும். அதில் மூன்று பெரியவர்கள் ஏறினால் 240 கிலோ. அதற்கு மேல் மோட்டார், பெட்ரோல், பேட்டரி, ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான்கள். ஏற்றிய சுமை படகின் எடையைப்போல் மூன்று மடங்காகிவிடுகிறது. ஒருவர் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தாலே படகின் போக்கு மாறுவது இதனால்தான்.

ஏரி அலையின் குணம்

வடமராட்சியிலோ நாகப்பட்டினத்திலோ கடலோரத்தில் வளர்ந்தவர்கள் ஏரி என்றதும் சற்று அலட்சியம் காட்டுவதைப் பார்க்கிறேன். அந்த அலட்சியம் ஆபத்தானது. தொலைவிலிருந்து வரும் கடல் அலை எட்டுப் பத்து விநாடிகளுக்கு ஒருமுறை வரும். படகு அதன்மேல் ஏறி இறங்க அவகாசம் கிடைக்கும். ஈரி ஏரியில் பலத்த காற்றில் எழும் அலைகள் மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் அடுத்தடுத்து வந்துவிடும். முதல் அலையிலிருந்து அணியம், அதாவது படகின் முன்முனை, இறங்குவதற்குள் இரண்டாவது அலை முன்னால் சுவராக நிற்கும்.

ஆழமின்மைதான் இதற்கு முக்கியக் காரணம். ஈரி ஏரி 388 கிலோமீட்டர் நீளம். ஆனால் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் அதுவே ஆழம் குறைந்தது. அதற்கு மேற்கே இருக்கும் செயின்ட் கிளேர் ஏரியின் சராசரி ஆழம் 3 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆழம் குறைந்த நீரில் அலை நீண்டு படர இடமில்லாமல் செங்குத்தாக எழுகிறது. மூன்றடி அலை என்று காதில் கேட்கும்போது சிறியதாகத்தான் தோன்றும். மூன்றடி அலை மூன்று விநாடிக்கு ஒருமுறை வந்தால் 16 அடிப் படகுக்கு அது போராட்டம்.

காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையில்லாமல் அது கடந்து வரும் நீர்ப்பரப்பின் தூரம் ஆகியவையே அலையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஈரி ஏரியில் தென்மேற்குக் காற்று ஏரியின் முழு நீளத்தையும் கடந்து வருகிறது. அது நாள் முழுக்க வீசினால் தண்ணீரையே கிழக்கே தள்ளிச் சென்று, பஃபலோ பக்கம் நீர்மட்டத்தை மேற்குக் கரையைவிட இரண்டு மீட்டருக்கும் மேலாக உயர்த்திவிடுவதுண்டு. ஆகவே காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது, நீங்கள் எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

படகைத் தேர்வது

அடிப்பகுதியின் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். தட்டையான அடி கொண்ட ஜான் படகு ஆற்றுக்கும் கால்வாய்க்கும் அருமையானது. திறந்த ஏரிக்கு அது கூடாது. ஏரிக்குப் போகிறவர்களுக்கு ஆங்கில V எழுத்தைப்போல் கூர்ந்த அடியும், உயர்ந்த பக்கச் சுவரும், மேல்நோக்கி விரிந்த அணியமும் வேண்டும். கூர்மை கூடக்கூட அலையை வெட்டிப் போகும். நிற்கும்போது சற்று அதிகம் ஆடும். அந்த ஆட்டத்துக்குப் பயந்து தட்டையான படகை வாங்காதீர்கள்.

நீளத்தில் என் கருத்து: சிம்கோ ஏரியில் நல்ல நாட்களில் மட்டும் போவதற்கு 16 அடி போதும். ஈரியிலோ ஒன்டாரியோ ஏரியிலோ கரையைவிட்டு விலகி வால்ஐ மீனையும் சால்மனையும் தேடிப் போக நினைத்தால் 18 அடிக்குக் குறையாமல் பாருங்கள்.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்று, மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம். சிறு படகுகளில் அது 15 அங்குலமாகவும் 20 அங்குலமாகவும் வரும். பின்னாலிருந்து வரும் அலை உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். ஐந்து அங்குலம் பெரிய வேறுபாடு. 20 அங்குலத்தையே தேர்ந்தெடுங்கள். மோட்டாரின் கால் நீளமும் அதற்குப் பொருந்த வேண்டும்.

தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த படகுகளும் உண்டு. வெல்டிங் செய்து இணைத்தவையும் உண்டு. எது மேல் என்று ஓயாத வாதம் நடக்கிறது. ரிவெட் படகு அலையில் சற்று நெளிந்து கொடுக்கும். ஆண்டுகள் போகப்போக ரிவெட்டுகள் தளர்ந்து கசியும், அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். வெல்டிங் படகு இறுக்கமாக இருக்கும். விரிசல் விட்டால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். என்னைக் கேட்டால், இணைப்பு முறையைவிடத் தகட்டின் தடிமனும் உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்களின் நெருக்கமும் முக்கியம். மீன்பிடிப் படகுகளில் 5052 வகை அலுமினியக் கலவைத் தகடுதான் பரவலாகப் பயன்படுகிறது. தடிமன் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்.

பழைய படகு வாங்குவதானால் பொறுமையாகச் சோதியுங்கள். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகை சேர்ந்து நெளிந்தால், உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை உளுத்துப்போயிருக்கிறது என்று பொருள். அதை மாற்றுவது பெரிய வேலை. விலையை அதற்கேற்பப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அடுத்து, இருக்கைகளுக்குக் கீழே இருக்கும் மிதவை நுரை. நல்ல நுரை, படகு நிறையத் தண்ணீர் புகுந்தாலும் அதை மூழ்கவிடாது. பல ஆண்டுகள் ஈரத்தில் ஊறிய நுரையோ தண்ணீரைக் குடித்துக் கனத்து, மிதக்க வைப்பதற்குப் பதில் கீழே இழுக்கும். ஒரு பலகையைக் கழற்றி நுரையை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிந்தால் லாரி எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் குறித்த எடையுடன் ஒப்பிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, டிரெய்லரில் நிற்கும் படகுக்குள் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். அவ்வளவுக்கே இருநூறு கிலோவுக்கு மேல் எடை சேர்ந்துவிடும். டிரெய்லரும் படகின் அடியும் அதற்குமேல் தாங்க வேண்டியதில்லை. தளர்ந்த ரிவெட்டை உள்ளே ஒருவர் கனத்த இரும்புக்கட்டியால் அண்டைகொடுக்க, வெளியே ஒருவர் சுத்தியலால் தட்டி இறுக்கலாம். அதற்கும் அடங்காததை மாற்றுங்கள். மேலே பசை பூசி மறைப்பது ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும்.

மோட்டாரின் திறன் படகில் பொறித்த உச்ச அளவைத் தாண்டவே கூடாது. அதே நேரம், அந்த அளவின் பாதிக்கும் கீழே போய்ப் பணம் மிச்சம் பிடிப்பதும் நல்லதல்ல. பின்னலையில், அதாவது அலை பின்னாலிருந்து துரத்தும்போது, அலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் வலு மோட்டாருக்கு வேண்டும்.

சட்டமும் சாமான்களும்

கனடாவில் மோட்டார் பொருத்திய உல்லாசப் படகை ஓட்டும் அனைவருக்கும் 2009 செப்டம்பர் 15 முதல் தகுதிச் சான்று கட்டாயம். தேர்வு எழுதி ஒருமுறை பெற்றால் வாழ்நாள் முழுதும் செல்லும். 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள மோட்டார் என்றால் படகுக்கு உரிம எண் வேண்டும். அதை அணியத்தின் இரு பக்கமும் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் ஒட்ட வேண்டும். 6 மீட்டருக்கு உட்பட்ட படகில் ஒவ்வொருவருக்கும் பொருத்தமான லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கப் பாத்திரமோ கைப்பம்போ, துடுப்பு அல்லது 15 மீட்டர் கயிற்றுடன் நங்கூரம், விசில், நீர்புகாத டார்ச் அல்லது தீச்சமிக்ஞை, இருட்டில் ஓட்டினால் விளக்குகள் ஆகியவை இருக்க வேண்டும். நிலையான பெட்ரோல் தொட்டி இருந்தால் தீயணைப்பானும் சேரும்.

இது குறைந்தபட்சம்தான். நங்கூரத்தையே பாருங்கள். காற்றில் நங்கூரம் பிடிக்க வேண்டுமானால் ஆழத்தைப்போல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். 15 மீட்டர் கயிறு இரண்டு மீட்டர் ஆழத்துக்குத்தான் சரியாகும். நான் 60 மீட்டர் கயிறும், நங்கூரத்தோடு இரண்டு மீட்டர் சங்கிலியும் வைக்கச் சொல்வேன். சட்டம் துடுப்பு அல்லது நங்கூரம் என்கிறது. நீங்கள் இரண்டையும் வையுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் திணித்து வைத்தால் போதாது, அணிய வேண்டும். தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்டிக்கொள்வது குளிர்நீரில் ஏறக்குறைய முடியாத காரியம். மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் ஆபத்தை 1–10–1 என்று சுருக்கினார். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அடுத்த 10 நிமிடங்கள்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். மிதந்துகொண்டிருப்பவருக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். ஜாக்கெட் இல்லாதவர் முதல் நிமிடத்திலேயே தண்ணீரை மூச்சில் இழுத்துவிடக்கூடும்.

கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமே என்று நினைக்கலாம். ஒன்டாரியோ ஏரியின் வடகரையில், ஸ்கார்பரோ ப்ளஃபர்ஸ் பார்க் போன்ற இடங்களில், மேற்குக் காற்று தொடர்ந்து வீசினால் மேலே இருக்கும் சூடான நீர் ஏரியின் நடுப்பக்கம் விலகி, அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வந்துவிடும். முந்தைய நாள் 20 டிகிரி இருந்த நீர் ஆகஸ்டிலும் 10 டிகிரிக்கு இறங்கக்கூடும்.

கைபேசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தண்ணீரில் மிதக்கும் வகை வி.எச்.எஃப். கையடக்க ரேடியோ ஒன்றை ஜாக்கெட்டோடு கட்டிக்கொள்ளுங்கள். அவசர அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை. கனடாவில் இதைப் பயன்படுத்தச் சான்றிதழ் தேவை, பாடம் எளிதுதான்.

சுமையை அடுக்குவது

கனமானவை தாழவும் நடுவிலும் இருக்கட்டும். பேட்டரி, பெட்ரோல் தொட்டி, மோட்டார் மூன்றும் இயல்பாகவே பின்பக்கம் சேர்ந்திருக்கின்றன. ஓட்டுகிறவரும் அங்கேதான் உட்காருகிறார். இரண்டாமவரும் பின்னால் வந்து உட்கார்ந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும், பின்பலகை தாழும். ஆகவே உடன் வருபவரை நடு இருக்கைக்கு அனுப்புங்கள். அணியத்தின் நுனியில் யாரும் உட்காரக் கூடாது. அலையில் தூக்கி எறியப்படுவது அந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். படகு ஒருபக்கம் சாயும்போது ஐஸ் பெட்டி அதே பக்கம் சறுக்கினால் சாய்வு இரட்டிக்கும். படகின் அடியில் தேங்கிய தண்ணீரும் அப்படித்தான். ஐம்பது லிட்டர் தண்ணீர் என்பது பக்கத்துக்குப் பக்கம் ஓடும் ஐம்பது கிலோ. அந்தத் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடுகிறதா என்று கரையிலேயே சோதியுங்கள். அதன் வாய் தூண்டில் நரம்பாலும் மீன் செதிலாலும் எளிதில் அடைபடும்.

போகலாமா, வேண்டாமா

கனடாவின் சுற்றுச்சூழல் துறை பேரேரிகளுக்கும் சிம்கோ ஏரிக்கும் தனித்தனியே நீர்ப்பரப்பு வானிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. நகர வானிலையைப் பார்க்காமல் இதைப் பாருங்கள். நிலத்தைவிட ஏரியின்மேல் காற்று வேகமாக வீசும். காற்றின் வேகம் ‘நாட்’ (knot) என்ற அளவில், அதாவது மணிக்கு இத்தனை நாட்டிகல் மைல் என்ற கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 20 முதல் 33 நாட் வரை எதிர்பார்த்தால் பலத்த காற்று எச்சரிக்கை வரும். வேகம் இருமடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை மனத்தில் வையுங்கள். 10 நாட்டில் சுகமாக இருந்த படகு 20 நாட்டில் கைக்கு அடங்காது.

முன்னறிவிப்பில் சொல்லப்படும் அலை உயரம், அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கின் சராசரி. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால் இடையிடையே ஒன்றரை மீட்டரையும் தாண்டி ஒன்றிரண்டு வரும். அந்த ஒன்றிரண்டை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

16 அடிப் படகுக்கு நான் வைக்கும் வரம்பு: 10 நாட் வரை போகலாம். 15 நாட் என்றால் காற்றுக்கு மறைவான கரையோரம் மட்டும். அதற்குமேல் கரையிலேயே இருப்பது. ஏரியில் வெண்நுரை பரவலாகத் தெரிந்தால் காற்று ஏற்கெனவே 11 நாட்டைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம்.

இனித் திசை. பாரி நகரிலிருந்து கெம்பன்ஃபெல்ட் விரிகுடா வழியாகச் சிம்கோ ஏரிக்குள் போகிறீர்கள், மேற்குக் காற்று. கரையில் தண்ணீர் தகடுபோல் இருக்கும், காற்று முதுகைத் தள்ள சுகமாகப் போவீர்கள். கிழக்கே போகப்போக அலை மெல்ல வளரும். பின்னலையில் இருப்பதால் அதன் உண்மையான உயரம் தெரியாது. திரும்பும்போதுதான் மொத்தமும் முகத்துக்கு நேரே வரும். தென்கரையில் ஜாக்சன்ஸ் பாயின்டிலிருந்து போகிறவருக்கு நேர்மாறு: வடமேற்குக் காற்றென்றால் ஏரி முழுவதையும் கடந்த அலை படகுத்துறையிலேயே நிற்கும். பயமுறுத்தும், ஆனால் ஏமாற்றாது. கரையில் அமைதியாக இருந்து தொலைவில் கொந்தளிக்கும் நாளே எனக்கு அதிகக் கவலை தருவது.

முடிந்தவரை காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். மோட்டார் நின்றுபோனால் புறப்பட்ட கரைக்கே ஒதுங்குவீர்கள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. அலையில் செலவு கூடும் என்பதால் அந்தக் கையிருப்பு ஆடம்பரமல்ல.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

காற்று எழுந்துவிட்டால்

முதலில் வேலையை நிறுத்துங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் தூண்டில்களைச் சுருட்டி உள்ளே வையுங்கள். ஜாக்கெட் வார்களை இறுக்குங்கள். இழுபட்டதும் மோட்டாரை நிறுத்திவிடும் கில் சுவிட்ச் கயிற்றை உடலோடு மாட்டுங்கள். ஓட்டுகிறவர் தூக்கி எறியப்பட்டால், அந்தக் கயிறு இல்லாத படகு தானாக வட்டமிட்டு விழுந்தவர் மீதே திரும்பி வரும். நங்கூரத்தை அணியத்தில் எடுக்க வசதியாக வையுங்கள். எல்லோரும் தாழ்ந்து, நடுவில் உட்காரட்டும்.

*எதிரலை.* மோட்டாரின் டிரிம்மை, அதாவது அதன் சாய்வை, படகை நோக்கி உள்ளே இழுங்கள். அணியம் தாழ்ந்து, அடியின் கூர்மை தண்ணீரை வெட்டும். வெளியே தள்ளியிருந்தால் அணியம் எழும்பி, தட்டையான பகுதி அலையில் அறையும். காற்று அதன் அடியில் புகுந்து படகைப் பின்னுக்குத் தூக்கவும் பார்க்கும். அலையை நேருக்கு நேர் முட்டாமல், முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை சாய்வாக வாங்குங்கள். அப்படிச் செய்தால் அலை நீண்டதுபோல் ஆகி, படகு ஏறி இறங்க நேரம் கிடைக்கும்.

கை த்ராட்டிலை (மோட்டாரின் விசைப்பிடியை) விட்டு எடுபடக் கூடாது. அலையில் ஏறும்போது சற்று விசை கூட்டுங்கள். முகட்டை எட்டும்போது குறையுங்கள்; இல்லாவிட்டால் படகு காற்றில் எழும்பி மறுபக்கம் விழும். மறுபக்கம் இறங்கியதும் அணியம் அடுத்த அலைக்குள் குத்தாதபடி மீண்டும் சிறிது விசை கொடுத்து அதை நிமிர்த்துங்கள். கூட்டு, குறை, கூட்டு. கனத்த ஃபைபர் படகு தன் எடையால் அலையை ஊடுருவிப் போகும். அலுமினியப் படகுக்கு அந்த எடை இல்லாததால் அந்த வேலையை உங்கள் கைதான் செய்ய வேண்டும்.

விசையை ஒரேயடியாக அறுத்துவிடாதீர்கள். பயந்துபோனவர்கள் இயல்பாகச் செய்வது அதுதான். படகு சட்டென்று நிற்கும்போது அது எழுப்பிய சொந்த அலையே பின்னாலிருந்து வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும்.

*பக்க அலை.* போக வேண்டிய கரைக்கு நேராகப் போனால் அலை பக்கவாட்டில் அடிக்கும் என்றால் அப்படிப் போகாதீர்கள். அலைப்பள்ளத்தில் பக்கவாட்டாகக் கிடக்கும் படகைக் கவிழ்க்க ஒரு முறிந்த அலை போதும். கொஞ்ச தூரம் எதிரலையைச் சாய்வாக வாங்கியபடி மேலே போங்கள். பிறகு திரும்பி அலையைப் பின்சாய்வில் வைத்துக் கீழே வாருங்கள். இப்படி வளைந்து வளைந்து போனால் தூரம் கூடும், நனைவீர்கள். பரவாயில்லை.

*திரும்புவது.* திரும்பும் அந்தச் சில விநாடிகளில் படகு அலைக்குப் பக்கம் காட்டியே தீரும். அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். பெரிய சில கடந்ததும் சற்றுத் தணியும். காத்திருந்து அந்தத் தணிவைப் பிடியுங்கள். ஒரு முகடு அடியில் கடந்து போனதும், பள்ளத்தில் மோட்டாரைத் திருப்பி, உறுதியாக விசை கொடுத்து, அடுத்த முகடு வருவதற்குள் திருப்பி முடித்துவிடுங்கள். தயங்கித் தயங்கித் திருப்புவதுதான் ஆபத்து.

*பின்னலை.* பலர் இதைச் சுலபமென நினைக்கிறார்கள். ஏனெனில் அடி விழாது, நனைவதில்லை. சிறு படகுகள் தலைகுப்புற மாட்டிக்கொள்வது இங்கேதான். முகட்டைத் தாண்டி வேகமாக இறங்கினால் அணியம் முன் அலையின் அடியில் குத்தி நிற்கும்; பின்னால் வரும் அலை பின்பக்கத்தைப் பக்கவாட்டில் வீசிப் படகை அலைக்குக் குறுக்கே போட்டுவிடும். மிக மெதுவாகப் போனாலோ அலை துரத்திவந்து பின்பலகையைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு: முன்னே போகும் அலையின் முதுகு. அந்த அலையின் வேகத்திலேயே, அதன் முகட்டைத் தாண்டாமல், பின்னால் வருவதற்கும் இடம் கொடுக்காமல், அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு போங்கள். இங்கே டிரிம்மைச் சற்று வெளியே தள்ளி அணியத்தை உயர்த்த வேண்டும். அணியத்தில் இருக்கும் சுமையைப் பின்னோக்கி நகர்த்துவதும் உதவும். திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

துறைமுக வாயிலை நெருங்கும்போது இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. கற்சுவரில் மோதித் திரும்பும் அலையும் உள்ளே வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் அலைக்குத் திசையே இருக்காது. ஆறு வந்து கலக்கும் வாயிலில், வெளியே பாயும் நீரோட்டம் உள்வரும் அலையைத் தடுத்து இன்னும் செங்குத்தாக்கும். வெளியே சற்று நின்று, எந்தப் பக்கம் குறைவாகக் குழம்புகிறது என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். நுழைய முடியாத நிலையென்றால் காற்றுக்கு மறைவான வேறு கரையைத் தேடுங்கள். ஈரி ஏரியில் தென்மேற்குக் காற்றடிக்கும்போது, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளும் லாங் பாயின்ட் மணல்திட்டின் மறைவு பலருக்கு அடைக்கலம் தருகிறது. வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. டாக்சி பிடித்துப் போய் வண்டியை எடுத்து வரலாம்.

மோட்டார் நின்றுபோனால், தண்ணீர் நிறைந்தால்

மோட்டார் நின்ற படகைக் காற்று சில விநாடிகளில் அலைக்குப் பக்கவாட்டில் திருப்பிவிடும். எனவே மோட்டாரின் மூடியைத் திறப்பதற்கு முன்பே நங்கூரத்தை அணியத்திலிருந்து போடுங்கள். பின்பக்கம் ஒருபோதும் கட்டாதீர்கள். தாழ்ந்த பின்பலகை அலையைப் பார்த்து நிற்கும், நங்கூரம் அதை இன்னும் கீழே இழுக்கும். ஆழம் அதிகமாகி நங்கூரம் எட்டாவிட்டால், மீன்பிடிக்கும்போது படகின் வேகத்தைக் குறைக்கப் பயன்படும் மிதவைப் பையை அணியத்தில் கட்டி நீரில் விடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு வாளியைக் கட்டி விடுங்கள். அணியம் காற்றை நோக்கி நின்றதும் பெட்ரோல் குழாய், அதிலுள்ள கையால் அமுக்கும் பந்து, தொட்டி மூடியின் காற்றுத் துளை, கில் சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். அலையில் குலுங்கித் தொட்டியின் அடியில் இருந்த தண்ணீரும் கசடும் குழாய்க்குள் வருவது அடிக்கடி நடப்பது. மாற்று வடிகட்டி ஒன்று படகில் இருக்கட்டும்.

சரிசெய்ய முடியவில்லை என்றால் உடனே ரேடியோவில் அழையுங்கள். இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து என்று மூன்றையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் தேடுவது மீட்பவர்களுக்கும் எளிது.

படகு தண்ணீரால் நிறைந்தாலோ கவிழ்ந்தாலோ அதை விட்டு நீந்திப் போகாதீர்கள். கரை கண்ணுக்குத் தெரிவதைவிடத் தொலைவில் இருக்கும். நல்ல மிதவை நுரை உள்ள படகு நிறைந்தாலும் மிதக்கும். தேடி வருபவர்களின் கண்ணிலும் தலையைவிடப் படகுதான் முதலில் படும். முடிந்த அளவு உடலை அதன்மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஒருவரோடொருவர் நெருங்கி அணைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்தபின்

படகை மேலே இழுத்ததும் அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீரை முழுவதும் வடியவிடுங்கள். டிரெய்லரிலும் மோட்டாரிலும் தொங்கும் பாசியைப் பிடுங்குங்கள். ஒன்டாரியோவில் 2022 ஜனவரி 1 முதல் இது சட்டம். 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி இன்று எத்தனையோ ஏரிகளில் பரவியிருக்கிறது. படகுகளில் ஒட்டிக்கொண்டும் தேங்கிய நீரிலும்தான் அது ஏரிவிட்டு ஏரி தாவுகிறது.

அலையில் அடிபட்ட நாளுக்கு அடுத்த நாள் படகின் அடியில் படுத்துப் பாருங்கள். ரிவெட் வரிசைகளில் கறுப்புக் கோடு கசிந்திருந்தால் அந்த ரிவெட் அசைகிறது. ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பின்) இருபுறமும், குறுக்குச் சட்டங்கள் தகட்டைத் தொடும் இடங்களிலும் தலைமுடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்பலகையில் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்டுகளை இறுக்குங்கள்.

அரிப்பு அலுமினியத்தின் இன்னொரு எதிரி. செம்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம்தான் கரையும். படகின் அடியில் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் அடிக்கக் கூடாது. கரையான் தடுப்பு மருந்தேற்றிய பலகையிலும் செம்பு இருப்பதால் அதைத் தரைப்பலகையாகவோ டிரெய்லரின் தாங்கு பலகையாகவோ பயன்படுத்தக் கூடாது. தரையில் விழுந்து மறந்துபோன செப்பு நாணயம்கூட ஒரு குளிர்காலத்தில் தகட்டில் குழி தோண்டிவிடும். நன்னீரில் ஓடும் மோட்டாருக்கு, அதற்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் மக்னீசியம் பலிக்கட்டி பொருத்துங்கள். உப்புநீருக்கு அலுமினியமோ துத்தநாகமோ. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

மோட்டாரின் கீழ்ப்பெட்டி எண்ணெயை ஆண்டுக்கொருமுறை, பனிக்காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். பால் போல் வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே விட்டால் உறைந்து பெட்டியைப் பிளக்கும். மோட்டாரைக் குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர் சக்கரத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகப் போடுங்கள். டிரெய்லர் சக்கரங்களின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் ஏற்றுங்கள். நெடுஞ்சாலையில் சூடேறிய பேரிங் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், பிறகு துருப்பிடித்து வழியில் சிக்கும். படகுத்துறையில் இறக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் நிறுத்திச் சக்கரத்தின் நடுவைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஆறவிட்டு இறக்குங்கள். அந்த இடைவெளியில் அடைப்பானைத் திரும்பவும் மாட்டிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளலாம்.